லென்ஸ் தேய்த்துப் பிழைத்த தத்துவ ஞானி ஸ்பினோசா

ஹாலந்து நாட்டில் உள்ள ஆம்ஸ்டர்டாம் நகரில், 1656-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி, யூதர்களின் ஆலயத்தில் ஓர் அறிவிப்பு படிக்கப்பட்டது. 23 வயது வாலிபர் ஒருவரைச் சமூகத்தில் இருந்து தள்ளி வைக்கும் அறிவிப்பு அது.

அவருடன் யாரும் பேசக்கூடாது. கடிதப் போக்குவரத்தும் கூடாது. அவருக்கு எந்த உதவியும் செய்யக்கூடாது. அவர் இருக்கும் கூரையின் கீழ் யாரும் தங்கக்கூடாது. நாலு முழ தூரத்துக்குள் அவரை நெருங்கக்கூடாது. அவர் எழுதிய எதையும் படிக்கக்கூடாது. இத்தனையும் அந்த அறிவிப்பில் இருந்தன.

அந்த வாலிபரின் பெயர் ஸ்பினோசா. அவர் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கடவுளைப் பற்றி மற்றவர்கள் நினைத்தபடி அவரால் நினைக்க முடியவில்லை. அதுதான் அவர் செய்த குற்றம்.

கடவுள் குறை இல்லாதவர், பரிபூரணமானவர் என்று பல மதங்கள் சொல்கின்றன. அது உண்மையானால் அதிலிருந்து என்னென்ன முடிவுகள் வரும்? இந்த ஒரு கேள்வியைக் கடைசி வரை பின்தொடர்ந்து சென்றவர், ஸ்பினோசா. அதற்காக உற்றார் உறவினரை இழந்தார். கண்ணாடி தேய்த்து வயிறு வளர்த்தார். 44 வயதில் ஒரு வாடகை வீட்டில் உயிர் விட்டார்.

குடிபெயர்ந்தவர்களின் பிள்ளை

ஸ்பினோசா 1632-ம் ஆண்டு நவம்பர் 24-ந்தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை பெயர் மிகேல். தாயார் ஹன்னா டெபோரா. இவர்கள் போர்ச்சுகல் நாட்டு யூத வம்சத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்த வம்சத்தின் கதை சோகமானது. 1492-ல் ஸ்பெயின் நாட்டு அரசு, யூதர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை போட்டது. பலர் பக்கத்து நாடான போர்ச்சுகலுக்கு ஓடினார்கள். 1497-ல் அங்கும் கட்டாய மதமாற்றம் நடந்தது.

அதன் பிறகு பல குடும்பங்கள் வெளியே கிறிஸ்தவர்களாகவும், வீட்டுக்குள் யூதர்களாகவும் வாழ்ந்தன. மத விசாரணை மன்றத்தின் கையில் சிக்கினால் சிறை, சொத்து பறிமுதல், சில சமயம் உயிரோடு எரிக்கும் தண்டனை.

இந்தப் பயத்தில் மூன்று நான்கு தலைமுறைகள் கழிந்தன. ஹாலந்தில் ஓரளவு மத சுதந்திரம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பலர் அங்கே குடியேறினார்கள். ஸ்பினோசாவின் தந்தையும் அப்படித்தான். போர்ச்சுகலில் பிறந்து, பிரான்சில் நாண்ட் நகரில் சில காலம் இருந்துவிட்டு, ஆம்ஸ்டர்டாம் வந்து வியாபாரம் தொடங்கியவர்.

அப்போது ஆம்ஸ்டர்டாம், ஐரோப்பாவின் செல்வம் மிகுந்த துறைமுகங்களில் ஒன்று. நமது பழவேற்காட்டில் கோட்டை கட்டி, 1658-ல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடம் இருந்து பிடித்த டச்சுக் கம்பெனிக்கு அந்த ஊர்தான் தலைமையிடம்.

ஸ்பினோசா வீட்டில் பேசியது போர்த்துக்கீசிய மொழி. பள்ளிக்கூடத்தில் படித்தது எபிரேய மொழியும் ஸ்பானிய மொழியும். தெருவில் இறங்கினால் டச்சு மொழி. பிற்காலத்தில் புத்தகம் எழுதியது லத்தீனில்! ஒரு முறை டச்சு மொழியில் கடிதம் எழுதியபோது, தான் வளர்ந்த மொழியில் எழுத முடிந்தால் கருத்தை இன்னும் நன்றாகச் சொல்லலாமே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். பிழைப்புக்காக வேறு மொழி வழங்கும் ஊரில் வாழ்பவர்களுக்கு அந்த வருத்தம் புரியும்.

அவருடைய பெயரும் மொழிக்கு ஒன்றாக மாறியது. வீட்டில் பென்டோ. ஆலயத்தில் பாரூக். லத்தீனில் பெனடிக்ட். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: ஆசி பெற்றவன்.

சிறு வயதில் கண்டவை

1638-ல் தாயார் இறந்துபோனார். அப்போது ஸ்பினோசாவுக்கு வயது 6 கூட நிரம்பவில்லை.

1640-ல் அந்தச் சமூகத்தையே உலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது. யூரியல் டா கோஸ்டா என்பவர், ஆத்மா அழியாதது என்ற நம்பிக்கையை மறுத்தவர். அதற்காகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தார். தனிமையைத் தாங்க முடியாமல் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார். ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு 39 கசையடி கொடுக்கப்பட்டது. பிறகு வாசற்படியில் படுக்க வைத்து, கூட்டத்தினர் அவரைத் தாண்டிச் சென்றார்கள். அவமானம் தாங்காமல் அவர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்தார்.

அப்போது ஸ்பினோசா அதே சமூகத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன்.

பைபிளையும் யூத சாத்திரங்களையும் அவர் நன்றாகக் கற்றார். ஆனால் மத குருவாகும் உயர் வகுப்புகளுக்குப் போகவில்லை. தந்தையின் வியாபாரத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. 1654-ல் தந்தையும் காலமானார். அண்ணனும் தம்பியுமாக, ஸ்பினோசாவும் கேப்ரியலும் கடையை நடத்தினார்கள். கடல் வியாபாரத்தில் ஏற்பட்ட நஷ்டத்தால் கடன்தான் மிஞ்சியது.

இந்தச் சமயத்தில் அவர் வான் டென் எண்டன் என்ற ஆசிரியரிடம் லத்தீன் கற்கத் தொடங்கினார். லத்தீன், அந்தக் காலத்தில் விஞ்ஞானத்துக்கும் தத்துவத்துக்கும் வாசல். பிரான்சு தேசத்து அறிஞர் டெகார்ட்டின் நூல்கள் அந்த வாசல் வழியாகத்தான் ஸ்பினோசாவுக்குக் கிடைத்தன.

தள்ளி வைத்தது ஏன்?

1656-ம் ஆண்டு அறிவிப்பில், ஸ்பினோசா கொடிய கருத்துக்களைப் பரப்பினார் என்று இருக்கிறது. என்ன கருத்து என்று விவரம் இல்லை.

ஆனால் வேறு ஒரு சாட்சியம் கிடைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து போன ஸ்பானியத் துறவி ஒருவர், 1659-ல் தன் நாட்டு மத விசாரணை மன்றத்தில் வாக்குமூலம் கொடுத்தார். ஸ்பினோசாவையும் அவருடைய நண்பரையும் சந்தித்ததாகச் சொன்னார். ஆத்மா உடலோடு அழியும், கடவுள் இருப்பது தத்துவ ரீதியில் மட்டுமே என்று அவர்கள் நினைப்பதாகத் தெரிவித்தார்.

தள்ளி வைத்தவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர்கள் வந்தேறிகள். ஹாலந்து அரசாங்கத்தின் தயவில் வாழ்ந்தவர்கள். நாத்திகத்துக்கு இடம் கொடுப்பவர்கள் என்று பெயர் வந்தால், இருக்கும் இடத்துக்கும் ஆபத்து வரும். பல தலைமுறைகளாக உயிரைக் கொடுத்துக் காத்த மதத்தை, சொந்த வீட்டுப் பிள்ளையே கேள்வி கேட்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தாங்கள் தப்பி வந்த கொடுமையின் நிழல் தங்கள் கையிலும் படிந்திருப்பதை அவர்கள் பார்க்கவில்லை.

டா கோஸ்டாவைப் போல ஸ்பினோசா திரும்பிப் போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வேறு மதத்திலும் சேரவில்லை. அந்தக் காலத்தில் எந்த மதத்திலும் சேராமல் ஒருவர் வாழ்வது மிக அபூர்வம். அந்த விலக்கு பின்னர் ஒருபோதும் நீக்கப்படவில்லை. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் இதுபற்றி ஒரு விவாதக் கூட்டமே நடந்தது. அப்போதும் நீக்கப்படவில்லை.

கையில் ஒரு தொழில்

கடை போயிற்று. உறவும் போயிற்று. வயிற்றுக்கு வழி வேண்டும். ஸ்பினோசா லென்ஸ் தேய்க்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அது, தொலைநோக்கியும் மைக்ராஸ்கோப்பும் புதிதாக வந்து உலகத்தையே வியப்பில் ஆழ்த்திய காலம். லென்சுக்கு நல்ல கிராக்கி இருந்தது. கண்ணாடித் துண்டைக் குழிந்த உலோக அச்சில் வைத்து, தூளும் தண்ணீரும் விட்டுப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். பிறகு மெருகு ஏற்ற வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் லென்ஸ் வீண்.

அவர் கை தேர்ந்த தொழிலாளி. ஹைகன்ஸ் என்ற புகழ் பெற்ற விஞ்ஞானியே அவருடைய லென்சுகளைப் பாராட்டியிருக்கிறார். ஹைகன்ஸ், லென்ஸ் தேய்க்க யந்திரம் செய்து பார்த்தவர். உருண்டை வடிவ லென்சைப் பொறுத்தவரை யந்திரத்தைவிடக் கையால் தேய்ப்பதே மேல் என்பது ஸ்பினோசாவின் அனுபவம். 1665-ல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைத் தெரிவித்திருக்கிறார்.

1661-ல் அவர் லைடன் நகருக்கு அருகில் உள்ள ரைன்ஸ்பர்க் என்ற கிராமத்தில் இருந்தார். 1663-ல் ஹேக் நகருக்குப் பக்கத்தில் உள்ள வூர்பர்க் போனார். பிறகு ஹேக் நகரிலேயே தங்கினார். எல்லாம் வாடகை அறைகள்தான். பகலில் லென்ஸ் வேலை. இரவு வெகு நேரம் வரை எழுத்து.

நிறைவு என்றால் என்ன?

அவர் எழுதிய நூல்களில் தலையாயது, 'எதிக்ஸ்' (ஒழுக்கவியல்). கணிதப் புத்தகம் போல இலக்கணம், அடிப்படை உண்மை, தேற்றம், நிரூபணம் என்று வரிசையாக எழுதப்பட்ட நூல் அது. ஐந்து பாகங்கள். முதல் பாகம் முழுவதும் கடவுளைப் பற்றியது.

கடவுளின் நிறைவைப் பற்றி அவருக்கு முன்பே பலர் ஆராய்ந்திருந்தார்கள். 11-ம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற பாதிரியார் ஒரு வாதத்தைச் சொன்னார். கடவுளைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாது. கடவுள் வெறும் நினைப்பில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே கடவுள் நிஜமாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். டெகார்ட் 1641-ல் இதையே வேறு விதமாகச் சொன்னார். எல்லா நிறைவும் உடையவருக்கு இருப்பு என்ற நிறைவு மட்டும் இல்லாமல் போகுமா என்பது அவர் கேள்வி.

இவர்கள் இருவரும், கடவுள் உலகத்துக்கு வெளியே இருந்து அதைப் படைத்தவர் என்று நம்பினார்கள். ஸ்பினோசா அங்கேதான் வேறுபட்டார்.

கடவுள் எல்லை இல்லாதவர் என்று சொல்லிவிட்டு, உலகம் அவருக்கு வெளியே இருக்கிறது என்று சொன்னால் எப்படிப் பொருந்தும்? வெளியே ஒன்று இருந்தால், அது தொடங்கும் இடத்தில் கடவுள் முடிந்துவிடுகிறார். அதுதானே எல்லை! எல்லை இல்லாத ஒன்றுக்கு வெளியே எதுவும் இருக்க முடியாது. ஆகவே இருப்பது எல்லாம் கடவுளுக்குள்ளேயே இருக்கிறது என்பது ஸ்பினோசாவின் முடிவு.

துணியில் விழும் மடிப்பை நினைத்துக்கொள்ளலாம். மடிப்பு இருக்கிறது, அதற்கு ஒரு வடிவமும் இருக்கிறது. ஆனால் துணியை விட்டுத் தனியே மடிப்பு இல்லை. மனிதர்கள், மரங்கள், மலைகள், எண்ணங்கள் எல்லாம் அந்த மடிப்பைப் போல. துணி ஒன்றே. அந்த ஒன்றைக் கடவுள் என்றும் சொல்லலாம், இயற்கை என்றும் சொல்லலாம் என்றார்.

நமது நாட்டு வேதாந்தத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசியவர்கள் உண்டு. ஆனால் உலகம் மாயை என்று ஸ்பினோசா சொல்லவில்லை. கல்லும் மண்ணும் அவருக்கு முழு உண்மை.

கேட்பவர் குறை உள்ளவர்

அடுத்த படிதான் பலரைக் கோபப்படுத்தியது.

ஒருவர் ஒரு பொருளை நாடுகிறார் என்றால், அது அவரிடம் இல்லை என்று பொருள். இல்லாதது ஒரு குறை. கடவுளுக்குக் குறை இல்லை. ஆகவே கடவுள் எதையும் நாட முடியாது. ஏதோ ஒரு லட்சியத்தை அடைவதற்காக அவர் உலகத்தைப் படைத்தார் என்று சொன்னால், படைப்பதற்கு முன் அவரிடம் ஏதோ குறை இருந்தது என்று ஆகிவிடும்.

இன்னொன்று. மகிழ்ச்சி என்பது குறைந்த நிலையில் இருந்து நிறைந்த நிலைக்குப் போவது. துக்கம் என்பது இறங்கி வருவது. முழு நிறைவாக உள்ளவருக்கு ஏறவும் இடம் இல்லை, இறங்கவும் இடம் இல்லை. ஆகவே கடவுளுக்குக் கோபம் இல்லை, பொறாமை இல்லை, பழி வாங்கும் எண்ணம் இல்லை. காணிக்கை கொடுத்தால் மகிழ்வதும், கொடுக்காவிட்டால் சீறுவதும் மனிதர் குணம். கடவுளின் குணம் அல்ல.

மனிதர்கள் தங்கள் சாயலில் கடவுளை நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. முக்கோணத்துக்குப் பேச வந்தால், கடவுளும் முக்கோண வடிவமானவர் என்றுதான் அது சொல்லும் என்று ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார்.

அப்படியானால் உலகத்தில் பூகம்பம், நோய், பசி எல்லாம் ஏன்? நிறைவான கடவுளிடம் இருந்து குறையான உலகம் எப்படி வந்தது?

இதற்கு ஸ்பினோசா ஒரு வீட்டை உதாரணம் காட்டினார். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்த்து, இது அரைகுறையாக நிற்கிறது என்கிறோம். கட்டுகிறவரின் திட்டம் நமக்குத் தெரியும் என்பதால் அப்படிச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் இயற்கையையும் அளக்கிறோம். நமக்கு வசதியாக இருந்தால் நிறைவு. தொல்லையாக இருந்தால் குறை. ஆனால் இயற்கை, மனிதனுக்காகப் போட்ட திட்டம் அல்ல. நோயும் வெள்ளமும் நல்லவர், கெட்டவர் என்று பார்த்து வருவது இல்லை. ஒரு பொருள் எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ, அவ்வளவும் அதன் நிறைவு. நம் வசதி அதற்கு அளவுகோல் ஆகாது.

கூரையில் இருந்து விழுந்த கல் ஒன்று ஒருவர் தலையைப் பிளந்துவிட்டது என்றால், காற்று அடித்ததால் விழுந்தது என்று சொல்லலாம். அந்த நேரம் பார்த்துக் காற்று ஏன் அடித்தது? அவர் ஏன் அந்த வழியே போனார்? இப்படிக் கேட்டுக்கொண்டே போய், பதில் கிடைக்காத இடத்தில் எல்லாம் கடவுளின் சித்தம் என்று முடித்துவிடுகிறோம். அறியாமைக்கு அது ஒரு புகலிடம் என்று ஸ்பினோசா நினைத்தார். காரணத்தைத் தேடுவதை நிறுத்தாமல் இருப்பதே கடவுளை அறியும் வழி என்பது அவர் கொள்கை.

தானிய வியாபாரியின் கேள்வி

1664-ம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டோர்ட்ரெக்ட் என்ற ஊரைச் சேர்ந்த பிளையன்பர்க். தானிய வியாபாரி. தத்துவத்தில் ஆர்வம் உள்ளவர்.

எல்லாம் கடவுளிடம் இருந்து வருகிறது என்றால், பாவமும் அவரிடம் இருந்துதானே வர வேண்டும் என்று அந்த வியாபாரி மடக்கினார். எல்லாம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்றால், திருடனுக்கும் தர்மவானுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்பினோசா மெனக்கெட்டுப் பதில் எழுதினார். கல்லுக்குப் பார்வை இல்லை. அதைக் கல்லின் குறை என்று யாரும் சொல்வதில்லை. குருடருக்குப் பார்வை இல்லாததை மட்டும் குறை என்கிறோம். பார்வை உள்ள மற்றவர்களோடு ஒப்பிடுவதால் வரும் எண்ணம் அது. தீமையும் அப்படித்தான், ஒப்பிட்டுப் பார்க்கும் மனதில் தோன்றுவது. அதற்காகத் திருடனும் தர்மவானும் ஒன்று ஆகிவிட மாட்டார்கள். தர்மவானிடம் நிறைவு அதிகம். அறிவு பெற்றவன் தீமையை வெறுப்பது நரகத்துக்குப் பயந்து அல்ல. அது அவன் இயல்புக்கே ஒவ்வாது என்பதால்.

வியாபாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை. சில மாதங்களில் கடிதப் போக்குவரத்து நின்றது. அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. பிள்ளையை நோய்க்குப் பறிகொடுத்த தாயிடம், இது ஒப்பிட்டுப் பார்ப்பதால் வரும் எண்ணம் என்று சொன்னால் ஆறுதல் கிடைக்குமா? ஸ்பினோசாவைப் படிப்பவர்கள் இன்றும் இந்த இடத்தில் தயங்குகிறார்கள்.

பணமும் பதவியும் வேண்டாம்

அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பல விவரங்களை எழுதி வைத்தவர் கோலெரஸ் என்ற பாதிரியார். ஹேக் நகரில் ஸ்பினோசா குடியிருந்த வீட்டுக்காரரிடம் விசாரித்து எழுதினார். ஸ்பினோசாவின் கொள்கையை அவர் அடியோடு வெறுத்தவர். அப்படிப்பட்டவரே, அவர் வாழ்க்கையில் குற்றம் காணவில்லை.

டி விரீஸ் என்ற பணக்கார நண்பர் 2,000 கில்டர் கொடுக்க வந்தார். ஸ்பினோசா வாங்க மறுத்துவிட்டார். சாகும் தறுவாயில் தன் சொத்தையே எழுதி வைக்க நினைத்தார் நண்பர். கூடப் பிறந்த தம்பி இருக்கும்போது எனக்கு எதற்கு என்று அதையும் தடுத்தார். கடைசியில் ஆண்டுக்கு 500 கில்டர் படி கொடுக்க ஏற்பாடு ஆயிற்று. அது அதிகம், 300 போதும் என்று குறைத்து வாங்கிக்கொண்டார்.

அவர் சாப்பாட்டுக் கணக்கும் கிடைத்திருக்கிறது. ஒரு நாள் முழுவதும் வெண்ணெய் போட்ட பால் கஞ்சியும் கொஞ்சம் பீரும் மட்டும். எப்போதாவது ஒரு குழாய் புகையிலை. அதுதான் அவருடைய ஆடம்பரம்.

1670-ல் மதத்தையும் அரசாங்கத்தையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பைபிளை மற்ற பழைய நூல்களைப் போலவே ஆராய வேண்டும், மக்களுக்குச் சிந்திக்கவும் பேசவும் சுதந்திரம் கொடுத்தால்தான் நாடு அமைதியாக இருக்கும் என்று அதில் வாதாடினார். நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊரும் பொய். ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டு, ஹாம்பர்க் என்று போட்டிருந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மதத்தை விமர்சித்து எழுதிய அவருடைய நண்பர் கோர்பாக், 1669-ல் சிறையிலேயே இறந்துபோயிருந்தார். ஸ்பினோசாவின் முத்திரையில் ஒரு ரோஜாப் பூவும், ஜாக்கிரதை என்று பொருள்படும் லத்தீன் சொல்லும் இருந்தன. 1674-ல் அந்த நூலும் தடை செய்யப்பட்டது.

ஆனால் கோபம் வந்தபோது அவர் ஜாக்கிரதையை மறந்தார். 1672-ம் ஆண்டு ஆகஸ்டு 20-ந்தேதி, ஹாலந்தின் தலைவராக இருந்த டி விட்டையும் அவர் சகோதரரையும் ஹேக் நகரில் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. கொலைகாரர்களைக் கண்டித்து ஸ்பினோசா ஒரு தட்டி எழுதி, அந்த இடத்திலேயே வைக்கப் புறப்பட்டார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டி அவரை வெளியே விடாமல் தடுத்தார். இல்லாவிட்டால் அன்றே அவர் கதையும் முடிந்திருக்கும்.

1673-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சுதந்திரமாகப் பேசலாம், ஆனால் நாட்டில் நிலைபெற்ற மதத்துக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்று நிபந்தனை. அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்று எனக்குத் தெரியவில்லையே என்று பதில் எழுதி, பதவியை மறுத்துவிட்டார். லென்ஸ் பட்டறையே போதும் என்று இருந்துவிட்டார்.

வீட்டுக்காரியின் சந்தேகம்

கடவுளைப் பற்றி இவ்வளவு எழுதியவர், பிறருடைய நம்பிக்கையைக் குலைக்க முயன்றது இல்லை.

ஒரு நாள் வீட்டுக்காரரின் மனைவி ஒரு சந்தேகம் கேட்டார். தான் பின்பற்றும் மதத்தில் இருந்தால் கடைத்தேற முடியுமா என்பது அவர் கவலை. உங்கள் மதம் நல்லதுதான், அமைதியாகவும் பக்தியாகவும் வாழ்ந்தால் போதும், வேறு எதையும் தேட வேண்டாம் என்ற பொருளில் ஸ்பினோசா ஆறுதல் சொன்னார்.

அவருக்கு என்று ஒரு பக்தி இருந்தது. கடவுளை நேசிப்பவன், கடவுளும் தன்னைத் திருப்பி நேசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக்கூடாது என்று அவர் எழுதினார். நடப்பவை ஏன் நடக்கின்றன என்று புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள, மனதில் உள்ள பயமும் ஆத்திரமும் குறையும். அந்தப் புரிதலில் பிறக்கும் அன்பே உயர்ந்த அன்பு. அதற்குப் பலன் தனியாக வேண்டியது இல்லை என்றார்.

கடைசி நாட்கள்

1675-ல் 'எதிக்ஸ்' நூலை அச்சிட ஆம்ஸ்டர்டாம் போனார். கடவுள் இல்லை என்று நிரூபிக்கும் புத்தகம் வரப்போகிறது என்று அதற்குள் வதந்தி பரவிவிட்டது. மத குருமார்கள் அரசாங்கத்திடம் புகார் செய்தார்கள். ஸ்பினோசா அச்சிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

1676-ல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் அவரைத் தேடி வந்து பல முறை பேசினார். பிற்காலத்தில் லைப்னிட்ஸ், நிறைவான கடவுள் பல உலகங்களை எண்ணிப் பார்த்து, அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதினார். ஸ்பினோசாவின் கருத்தோ வேறு. நிறைவானவரின் இயல்பில் இருந்து உலகம் இப்படித்தான் வர முடியும். தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடம் இல்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லில் தொடங்கினார்கள். போய்ச் சேர்ந்த இடம் வெவ்வேறு.

ஸ்பினோசாவுக்கு நீண்ட நாட்களாக நெஞ்சு நோய் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்த கண்ணாடித் தூள் அதை அதிகமாக்கியிருக்கலாம். 1677-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வீட்டுக்காரர்கள் மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 44. அவர் விட்டுச் சென்றது சுமார் 160 புத்தகங்கள், கொஞ்சம் துணிமணி, லென்ஸ் சாமான்கள். அவற்றை ஏலம் விட்டுக் கடனை அடைத்தார்கள்.

கையெழுத்துப் பிரதிகள் இருந்த மேஜையை, அவர் சொல்லி வைத்திருந்தபடி வீட்டுக்காரர் ஆம்ஸ்டர்டாமில் உள்ள பதிப்பாளருக்கு அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் 'எதிக்ஸ்' வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் மூன்று எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. 1678-ல் அதையும் அரசு தடை செய்தது.

தடைகளால் நூல் அழியவில்லை. 100 ஆண்டுகளுக்குப் பிறகு ஜெர்மனியில் கேத்தே போன்ற பெரும் கவிஞர்கள் அதைப் போற்றினார்கள். நாத்திகர் என்று ஏசப்பட்டவரையே, கடவுள் நினைவில் மூழ்கிக் கிடந்தவர் என்று புகழ்ந்தவர்களும் உண்டு.

விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1920-ல் ரைன்ஸ்பர்க் போய், ஸ்பினோசா வாழ்ந்த வீட்டைப் பார்த்தார். 1929-ல் நியூயார்க்கில் இருந்த ஒரு யூத குரு, கடவுளை நம்புகிறீர்களா என்று அவருக்குத் தந்தி கொடுத்துக் கேட்டார். ஸ்பினோசா சொன்ன கடவுளை நம்புகிறேன் என்று ஐன்ஸ்டைன் பதில் அளித்தார்.

'எதிக்ஸ்' நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்று, 2010-ல் வாத்திகன் நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1677-ல் ஸ்பினோசாவின் மீது குற்றம் சாட்டுவதற்காக ரோமாபுரியில் ஒப்படைக்கப்பட்ட பிரதி அது. அழிக்க நினைத்தவர்களின் அலமாரியில் அது 300 ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக இருந்திருக்கிறது!

ரைன்ஸ்பர்க் வீடு இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. ஹேக் நகரில் 1880-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1972-ல் ஹாலந்து அரசு வங்கி வெளியிட்ட 1,000 கில்டர் நோட்டில் அவருடைய படம் இருந்தது. 2002-ல் யூரோ வரும் வரை அதுதான் அந்த நாட்டின் மிகப் பெரிய நோட்டு. ஆண்டுக்கு 300 கில்டர் போதும் என்று சொன்ன மனிதருக்கு, அவர் நாடு செலுத்திய மரியாதை அது.